வாரம் ஒரு ஆல்பம், கையில் ஒரு நோட்டு: பழைய ராக், பாப் ஆல்பங்களை முழுதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

நான் தொடங்கியது தப்பான இடத்தில். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003-இல் போட்ட தலைசிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலை இறக்கி வைத்துக்கொண்டு, ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகக் கேட்டு முடித்துவிடுவது என்று ஒரு தீபாவளி விடுமுறையில் சபதம் எடுத்தேன். முதல் மூன்றை எப்படியோ தாண்டினேன். நாலாவது, பாப் டிலனின் ‘ஹைவே 61 ரீவிசிட்டட்’. முதல் பாட்டே ஆறு நிமிடம். மூக்கால் பாடுகிற அந்தக் குரல் மூச்சு விடாமல் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது பாட்டின் பாதியில் நிறுத்திவிட்டு முறுக்கு தின்னப் போனேன். மீதி 496 ஆல்பத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதே பத்திரிகை 2020-இல் பட்டியலைப் புதிதாகப் போட்டது. முன்பு முதலிடத்தில் இருந்த பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ 24-ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது. ஆறாவதாக இருந்த மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு ஏறியிருந்தது. ஆல்பங்கள் மாறவில்லை, வாக்களித்தவர்கள் மாறியிருந்தார்கள். எனக்கு அதைப் பார்த்து ஒரு நிம்மதி. பட்டியலை மூடிவிட்டு வேறு மாதிரி தொடங்கினேன்: வாரம் ஒரு ஆல்பம், கையில் ஒரு 80 பக்க நோட்டு, கேட்டு எழுதி முடிக்கும்வரை அந்த ஆல்பத்தைப் பற்றி ஒரு வரிகூடப் படிப்பதில்லை. இந்த முறை வண்டி ஓடியது. சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்து, இங்கிலீஷ் ஆல்பம் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுப் பார்க்கலாமே என்று நினைக்கிறவர்களுக்காக அந்த முறையை எழுதுகிறேன்.

முதல் படி: ஆறே ஆறு ஆல்பம்

500 வேண்டாம். ஆறு வாரத்துக்கு ஆறு போதும். என்னைக் கேட்டால் இந்த வரிசையில் சொல்வேன். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ (1982), ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ‘ரூமர்ஸ்’ (1977), பீட்டில்ஸின் ‘ஆபி ரோடு’ (1969), பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973), மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ (1971), கடைசியாக பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966).

இது கால வரிசை இல்லை, காது பழகுகிற வரிசை. ‘த்ரில்லர்’ முதலில் வருவதற்குக் காரணம் எளிது: ‘பில்லி ஜீன்’, ‘பீட் இட்’ இரண்டையும் எங்கேயாவது ஒரு கல்யாண ரிசப்ஷனிலோ கல்லூரி விழாவிலோ நீங்கள் கேட்டிருப்பீர்கள். தெரிந்த முகம் ஒன்றிரண்டு இருந்தால் புது வீட்டுக்குள் நுழைவது சுலபம். ‘பெட் சவுண்ட்ஸ்’ கடைசியில் வருவதற்குக் காரணம், முதல் முறை கேட்கும்போது அது வெறும் இனிப்பாகத் தெரியும். ஐந்து ஆல்பம் கேட்ட காதுக்குத்தான் அதற்குள் எத்தனை வாத்தியம் ஒளிந்திருக்கிறது என்று பிடிபடும்.

இதில் ஒன்று பிடிக்கவே பிடிக்காது என்று முன்கூட்டியே தெரிந்தால் தூக்கிவிட்டு வேறு வையுங்கள். யாரும் மார்க் போடப்போவதில்லை.

இரண்டாம் படி: எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. செயலியில் ‘ரூமர்ஸ்’ என்று தேடினால் நாலைந்து வரும். டீலக்ஸ், சூப்பர் டீலக்ஸ், ரீமாஸ்டர், ஆண்டு விழாப் பதிப்பு என்று வகைவகையாக இருக்கும். நான் முதலில் அழுத்தியதில் ஒரே பாட்டு மூன்று தடவை வந்தது, ஒத்திகைப் பதிவும் கச்சேரிப் பதிவும் சேர்ந்து. எது ஆல்பம், எது மிச்சம் மீதி என்றே புரியவில்லை.

எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ‘த்ரில்லர்’ 9 பாட்டு, ‘ரூமர்ஸ்’ 11, ‘ஆபி ரோடு’ 17, ‘டார்க் சைட்’ 10, ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ 9, ‘பெட் சவுண்ட்ஸ்’ 13. அதோடு நிறுத்துங்கள். ‘ரூமர்ஸ்’ விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: 2004-இல் வந்த பதிப்பில், 1977-இல் இடமில்லை என்று விட்டுவிட்ட ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பாட்டைக் கொண்டுவந்து ஆல்பத்தின் நடுவிலேயே செருகினார்கள். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இல்லாத பதிப்பை முதலில் கேளுங்கள், காரணம் பின்னால் வரும்.

‘பெட் சவுண்ட்ஸ்’ மோனோவிலும் (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி) கிடைக்கும், ஸ்டீரியோவிலும் (காதுக்குக் காது வேறு ஒலி) கிடைக்கும். மோனோவை எடுங்கள். அதை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு வலது காது கிட்டத்தட்டக் கேட்காமல் இருந்தது. அவர் கலந்து முடித்தது மோனோவில்தான். ஸ்டீரியோ கலவை முப்பது வருஷம் கழித்து மற்றவர்கள் செய்தது.

மூன்றாம் படி: செயலியை அடக்குவது

வரிசையைக் கலைத்துப் போடுகிற ஷஃபிளை அணையுங்கள். பாட்டுக்குப் பாட்டு ஒன்றில் ஒன்று கரைகிற மாதிரி செய்யும் கிராஸ்ஃபேடையும் அணையுங்கள். இடைவெளி இல்லாமல் ஓட்டுகிற கேப்லெஸ் வசதி இருந்தால் அதை மட்டும் போட்டுவையுங்கள். ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில் முதல் பாதிப் பாட்டுகள் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வரும். நடுவில் அரை வினாடி வெற்றிடம் விழுந்தாலும் தறியில் நூல் அறுந்த மாதிரி ஆகிவிடும். வரிசை என்பது பாடகர்களுக்கே உயிர்ப் பிரச்சினை. 2021-இல் பாடகி அடேல் கேட்டுக்கொண்டதால்தான், ஆல்பப் பக்கத்தில் ஷஃபிள் முன்னால் வந்து நிற்பதை ஸ்பாட்டிஃபை மாற்றியது.

ஆட்டோபிளேயையும் மறக்காமல் அணையுங்கள். ஆல்பம் முடிந்ததும் செயலி தன் இஷ்டத்துக்கு வேறு எதையோ போட்டுவிடும். கடைசிப் பாட்டுக்குப் பிறகு வருகிற நிசப்தம் உங்களுக்கு வேண்டும். ‘ஆபி ரோடு’ ஆல்பத்தில் அந்த நிசப்தத்துக்குள் ஒரு பாட்டே இருக்கிறது.

காதில் மாட்ட விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். போன் வாங்கும்போது கிடைத்த இயர்போன் போதும். ஆனால் போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பாஸ் கிடார் காணாமல் போய்விடும். பேருந்தில் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளும் பழக்கம் இருந்தால், அறுபதுகளின் ஸ்டீரியோ பதிவுகளில் ஜாக்கிரதை. பீட்டில்ஸின் ‘ரப்பர் சோல்’ ஆல்பத்தில் குரல்கள் பெரும்பாலும் ஒரு பக்கம், வாத்தியங்கள் இன்னொரு பக்கம். தப்பான காதில் மாட்டினால் பாடகரே இல்லாத கச்சேரிதான்.

நாலாம் படி: நடுவில் நிறுத்துங்கள்

இதுதான் நான் தெரிந்துகொண்டதிலேயே பயனுள்ளது.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்பி இசைத்தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் 22 நிமிடத்தை ஒட்டி இசை பிடிக்கும். முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போடவேண்டும். இந்த ஆறு ஆல்பங்களும் அந்தக் கணக்கை வைத்து அடுக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தொடக்கம், இரண்டு முடிவு. செயலியில் அது தெரியாது, பதினேழு பாட்டு ஒரே கயிற்றில் தொங்கும்.

கேசட் காலத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மாமாவிடம் ஒரு 90 நிமிட கேசட் இருந்தது, பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில் சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கியது. ஒரு பக்கம் ‘த்ரில்லர்’, மறுபக்கம் ஒரு தமிழ்ப் படத்துப் பாட்டுகள். 45 நிமிடப் பக்கத்தில் 42 நிமிட ஆல்பம் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். மிச்ச மூன்று நிமிடம் வெறும் ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம். “திருப்பிப் போடுடா” என்று மாமா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். திருப்பிப் போட்டால் ஊரே மாறிவிடும்.

நீங்கள் நிறுத்த வேண்டிய இடங்கள்: ‘த்ரில்லர்’ நாலாவது பாட்டுக்குப் பிறகு, ‘ரூமர்ஸ்’ ஆறாவது, ‘ஆபி ரோடு’ ஆறாவது, ‘டார்க் சைட்’ ஐந்தாவது, ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆறாவது, ‘பெட் சவுண்ட்ஸ்’ ஏழாவது. நிறுத்தி, எழுந்து, டீ போட்டுக் குடித்துவிட்டு அடுத்த பக்கம்.

‘ரூமர்ஸ்’ முதல் பக்கம் ‘சாங்பேர்ட்’ என்ற பாட்டோடு முடிகிறது. ஒரு பியானோ, ஒரு பெண் குரல், தாலாட்டு மாதிரி. இரண்டாம் பக்கம் ‘தி செயின்’ என்ற பாட்டோடு தொடங்குகிறது, காலால் தரையை மிதிக்கிற மாதிரி ஒரு தாளம். இடைவெளி விட்டுக் கேட்டால் இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. 2004 பதிப்பு ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பாட்டைச் செருகியது சரியாக இந்த இடுக்கில்தான்.

ஆனால் நிறுத்தத் தெரியாமல் நான் மாட்டிக்கொண்டது ‘ஆபி ரோடு’ ஆல்பத்தில். ஆறாவது பாட்டு, ‘ஐ வான்ட் யூ’. ஏழே முக்கால் நிமிடத்துக்குப் பக்கம். கடைசி மூன்று நிமிடம் ஒரே கிடார் சுற்று திரும்பத் திரும்ப வருகிறது. பின்னால் காற்று மாதிரி ஒரு இரைச்சல் ஏறிக்கொண்டே போகிறது. எங்கே போய் முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டென்று நின்றுவிட்டது. சுற்றின் பாதியில். நெட் போய்விட்டது என்று எழுந்துபோய் ரவுட்டரைத் தட்டினேன். விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. திரும்பி வருவதற்குள் காதில் ஒரு அக்கூஸ்டிக் கிடார், ‘ஹியர் கம்ஸ் தி சன்’ ஓட ஆரம்பித்திருந்தது. அந்த வெட்டு வேண்டுமென்றே செய்தது, ஜான் லெனன் சொல்லி அந்த இடத்தில் டேப்பைக் கத்தரித்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. இசைத்தட்டில் கேட்டவர்களுக்கு அங்கே பக்கம் முடிந்து ஊசி தட்டின் நடுப்பக்கம் உரசிக்கொண்டிருக்கும். இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, எழுந்து போய்த் திருப்பினால்தான் வெயில் வரும். எனக்கு அந்த இருட்டு கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைக்கட்டும்.

ஐந்தாம் படி: முதல் தடவை, வெறுமனே

பாட்டு வரிகளைத் திறக்காதீர்கள், யார் எழுதினார்கள் என்று பார்க்காதீர்கள், விமர்சனம் படிக்காதீர்கள். 40 நிமிடம் உட்காருங்கள். வரி புரியவில்லை என்றால் பரவாயில்லை, இந்திப் பாட்டை அப்படித்தானே கேட்டோம்?

‘டார்க் சைட்’ போடும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. தொடக்கத்தில் இதயத் துடிப்பு மாதிரி ஒரு சத்தம், மிக மெல்லிசாக வரும். ஒன்றும் கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். எட்டாவது நிமிடத்தை ஒட்டி ‘டைம்’ பாட்டுக்கு முன்னால் ஒரு கடை நிறைய கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அடிக்கும். நான் கூட்டிவைத்திருந்தேன், அதுவும் ஸ்பீக்கரில், விடியற்காலையில். பாட்டி எழுந்து உட்கார்ந்து, பால்காரர் வந்துவிட்டாரா என்றார். அந்தச் சத்தங்களை ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழம்பொருள் கடிகாரக் கடையில் போய் ஒவ்வொன்றாகப் பதிந்து வந்திருந்தார்.

ஆறாம் படி: நோட்டில் என்ன எழுதுவது

‘செம’, ‘பிரமாதம்’, ‘சுமார்’ மூன்றுக்கும் என் நோட்டில் தடை. எழுதினால் ஒரு வாரம் கழித்துப் படிக்கும்போது ஒன்றும் நினைவுக்கு வராது. அதற்குப் பதிலாக மூன்று விஷயம் எழுதுவேன்: காது எந்த இடத்தில் நிமிர்ந்தது, எந்த இடத்தில் மனசு வேறு எங்கோ போனது, அந்த நேரத்தில் என்ன ஞாபகம் வந்தது. முடிந்தால் பக்கத்தில் நிமிடமும் வினாடியும். முட்டாள்தனமாக இருந்தாலும் அழிப்பதில்லை.

‘டார்க் சைட்’ பக்கத்தில் ஐந்தாவது பாட்டுக்கு எதிரே நான் எழுதியிருப்பது: “இந்தம்மா எப்போது வார்த்தைக்கு வருவார்?” அவர் வரவே இல்லை. ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ முழுக்க ஒரு பெண் குரல், பியானோவின் மேல், ஒரு சொல்கூட இல்லாமல் உச்சத்துக்குப் போய், உடைந்து, முனகலாக அடங்குகிறது. அடுத்த வரியில் எழுதியிருக்கிறேன்: “ஆலாபனை என்று நினைத்துக் கேட்டால் சரியாக இருக்கிறது. ஆனால் ஆலாபனையில் இப்படி அழமாட்டார்கள்.” பாடியவர் கிளேர் டோரி. ஸ்டுடியோவுக்கு வந்து சில மணி நேரத்தில் பாடி முடித்துவிட்டு 30 பவுண்ட் வாங்கிக்கொண்டு போனவர். பாட்டின் இசையில் தனக்கும் பங்கு உண்டு என்று 2004-இல் வழக்குப் போட்டார். அடுத்த வருஷம் சமரசமானது. இப்போது பிங்க் ஃப்ளாய்டின் ரிச்சர்ட் ரைட்டோடு அவர் பெயரும் இருக்கிறது.

அடுத்த பக்கம் ‘மணி’ என்ற பாட்டு, சில்லறை சத்தத்தோடு தொடங்கும். தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். நாலு நாலாகப் போட்டால் கை இடறும். ஏழு. மிஸ்ர சாபு கேட்டுப் பழகியவர்கள் முதல் சுற்றிலேயே பிடித்துவிடுவார்கள். சாக்ஸபோன்கூட ஏழில்தான் போகும். கிடார் தனி வந்ததும் மட்டும் நாலுக்குத் தாவி, பிறகு மறுபடி ஏழு. இந்த ஒரு பாட்டில், கர்நாடக சங்கீதம் ஒரு வருஷம் படித்துவிட்டு ஓடிவந்த எனக்கு அந்த ஒரு வருஷம் உதவியது.

நம் காதுக்கு என்று சில எதிர்பார்ப்புகள் உண்டு. அவற்றையும் நோட்டில் எழுதுங்கள், மறைக்காதீர்கள். பல்லவி முடிந்தால் ஒரு இடையிசை வரும், சரணத்துக்கு முன்னால் வருகிற இரண்டாவது இடையிசை முதலாவதைப் போல இருக்காது என்று நமக்கு ஒரு கணக்கு. இளையராஜா பாட்டில் அந்த இரண்டு இடையிசைக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கும். ராக் பாட்டில் அதைத் தேடினால் “என்னடா இது, ஒன்றையே திருப்பித் திருப்பி வாசிக்கிறான்” என்றுதான் தோன்றும். எனக்கும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் இருந்தது. திரும்பத் திரும்ப வருகிற அந்தச் சுற்றைப் பாய் மாதிரி வைத்துக்கொண்டு, அதன்மேல் குரலும் ட்ரம்ஸும் என்ன செய்கின்றன என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அலுப்பு போனது.

அதே சமயம் இளையராஜாவே நமக்கு ஒரு குறுக்கு வழியும் போட்டுவைத்திருக்கிறார். அவர் பாட்டில் குரலை விட்டுவிட்டு பாஸ் கிடாரை மட்டும் பின்தொடர்ந்து பழகியவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதல் பாட்டை அப்படிக் கேளுங்கள். ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸ், குரலோடு பேசிக்கொண்டே கூட நடந்து வரும். அன்றைக்குக் குடித்திருந்ததால் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டே வாசித்தார் என்று சொல்வார்கள். அதே ஆல்பத்தில் மார்வின் கேயின் குரல் இரண்டாகக் கேட்கிறதே என்று எழுதியிருந்தேன். ஒலிப்பதிவாளர் தவறுதலாக இரண்டு பதிவையும் ஒன்றாக ஓட்டியதும், அது பிடித்துப்போய் மார்வின் அப்படியே வைத்துக்கொண்டதும் பிறகு படித்துத் தெரிந்தது. வியட்நாம் போரிலிருந்து தம்பி திரும்பி வந்து சொன்ன கதைகளிலிருந்து பிறந்த ஆல்பம் அது. அதைத் தெரிந்துகொள்ளாமலே என் முதல் குறிப்பு: “யாரோ வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் யாரும் சந்தோஷமாக இல்லை.” இன்றுவரை நான் எழுதியதில் எனக்குப் பிடித்த வரி அதுதான்.

‘பெட் சவுண்ட்ஸ்’ கடைசியில் ரயில் போகும், நாய் குரைக்கும். எங்கள் தெரு நாய் இல்லை. பிரையன் வில்சனின் சொந்த நாய்கள்.

ஏழாம் படி: இப்போது படியுங்கள்

இரண்டாவது தடவை பாட்டு வரிகளோடு. மூன்றாவது தடவை பாத்திரம் கழுவும்போதோ பேருந்திலோ. அதற்குப் பிறகுதான் ஆல்பத்தின் கதையைப் படிக்க வேண்டும். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ‘ரூமர்ஸ்’ காரணம்.

அந்த ஆல்பத்தின் எட்டாவது பாட்டு ‘யூ மேக் லவிங் ஃபன்’. முதல் குறிப்பு இப்படி: “நல்ல குஷியான பாட்டு. பாஸ் கிடார் சட்டைப்பையில் கைவிட்டுக்கொண்டு நடந்து போகிற மாதிரி இருக்கிறது.” பிறகு கதை படித்தேன். 1976-இல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் இதைப் பதிந்துகொண்டிருந்தபோது குழுவில் இருந்த ஐந்து பேர் வீட்டிலும் பிரச்சினை. பாஸ் வாசித்த ஜான் மெக்வீயும் கீபோர்டு வாசித்துப் பாடிய கிறிஸ்டின் மெக்வீயும் கணவன் மனைவி, பிரிந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பாட்டு கிறிஸ்டின் தன் புதுக் காதலரைப் பற்றி எழுதியது. அவர் குழுவின் மேடை விளக்குகளைப் பார்த்துக்கொண்டவர். ஜானிடம் கிறிஸ்டின், இது என் நாயைப் பற்றிய பாட்டு என்று சொல்லி வைத்திருந்தார். அந்தப் பாட்டுக்குத்தான் ஜான் கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு நடக்கிறார்.

இன்னொரு ஜோடி ஸ்டீவி நிக்ஸும் லிண்ட்ஸி பக்கிங்ஹாமும். ஸ்டீவி லிண்ட்ஸியைப் பற்றி ‘ட்ரீம்ஸ்’ எழுத, லிண்ட்ஸி ஸ்டீவியைப் பற்றி ‘கோ யுவர் ஓன் வே’ எழுதினார். தன்னைத் திட்டி எழுதிய பாட்டுக்கு ஸ்டீவியே பின்னால் நின்று கோரஸ் பாடியிருக்கிறார். ட்ரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டின் கல்யாணமும் அப்போது ஆட்டம் கண்டிருந்தது. ஐந்து பேர் பெயரும் சேர்ந்து வருகிற ஒரே பாட்டு ‘தி செயின்’, சங்கிலி.

இதையெல்லாம் முதலிலேயே படித்திருந்தால் ஒவ்வொரு பாட்டிலும் சண்டையைத் தேடியிருப்பேன். அந்த பாஸ் கிடார் குஷியாக நடந்ததை எழுதியிருக்க மாட்டேன், சோகமாக நடந்தது என்று கதை கட்டியிருப்பேன். அது சோகமாக நடக்கவில்லை, போய்க் கேளுங்கள். அதுதான் விஷயமே.

‘ஆபி ரோடு’ இரண்டாம் பக்கத்துக்கும் கொஞ்சம் பிந்திய வாசிப்பு தேவை. ‘யூ நெவர் கிவ் மீ யுவர் மணி’ தொடங்கி ‘தி எண்ட்’ வரை எட்டுத் துண்டுகள் 16 நிமிடம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போகும். முதல் துண்டின் மெட்டு ஏழாவதில் திரும்ப வருவதை நீங்களே கண்டுபிடியுங்கள். ‘தி எண்ட்’ முடிந்ததும் போனைத் தொடாதீர்கள். 14 வினாடி போல ஒன்றும் கேட்காது. பிறகு திடீரென்று ஒரு பெரிய அதிர்வு, ஒரு கிடார், பால் மெக்கார்ட்னியின் குரல், 23 வினாடியில் முடிந்துவிடும். அதுதான் ‘ஹெர் மெஜஸ்டி’. வேண்டாம் என்று நடுவிலிருந்து வெட்டி எடுத்த துண்டு அது. எதையும் தூக்கிப் போடக்கூடாது என்பது ஸ்டுடியோ உத்தரவு என்பதால் ஒலிப்பதிவு உதவியாளர் டேப்பின் வாலில் ஒட்டிவைக்க, கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டது. தொடக்கத்தில் கேட்கிற அதிர்வு, அது நடுவில் இருந்தபோது அதற்கு முந்தி வந்த பாட்டின் கடைசி ஒலி. அதனுடைய சொந்தக் கடைசி ஒலியோ காணோம், வெட்டிய இடத்திலேயே நின்றுவிட்டது. ஆட்டோபிளேயை அணைக்கச் சொன்னது இதற்குத்தான்.

பிடிக்காவிட்டால்?

மூன்று தடவை கேளுங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் ‘இறங்கவில்லை’ என்று தேதி போட்டு எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சிலது பிறகு இறங்கும். ஜோனி மிட்செலின் ‘ப்ளூ’ (1971) எனக்கு முதலில் தலைவலி. குரல் ஏன் இப்படிப் படி ஏறி ஏறிக் குதிக்கிறது என்று எழுதியிருக்கிறேன். எட்டு மாதம் கழித்து ‘ரிவர்’ பாட்டின் பியானோ தொடக்கம் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ மெட்டைக் கொஞ்சம் சோகமாக்கி வாசித்தது என்று பிடிபட்ட அன்றைக்கு அந்த ஆல்பம் உள்ளே வந்தது. ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ இன்னும் பாதிதான் வந்திருக்கிறது. சர்க்கஸ் விளம்பரத் தட்டியைப் பார்த்து எழுதிய பாட்டு ஒன்று அதில் உண்டு, 1843-ஆம் வருஷத்துத் தட்டி. கேட்டால் எனக்கு சர்க்கஸ் கூடாரத்து வெக்கைதான் ஞாபகம் வருகிறது. முதலிடத்திலிருந்து 24-க்கு இறக்கியவர்களில் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்க ஆசை.

ஒரு வருஷம் கழித்து எல்லாவற்றையும் இன்னொரு சுற்று கேளுங்கள். பழைய குறிப்பைப் பார்க்காமல் புதுப் பக்கத்தில் எழுதிவிட்டு, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

போன பொங்கலுக்கு அப்படி ‘ஹைவே 61’ ஆல்பத்தை மறுபடி போட்டேன். தீபாவளிக் குறிப்பு இரண்டே சொல்: “ரம்பம். முறுக்கு.” புதுக் குறிப்பு கொஞ்சம் நீளம்: “குரல் இன்னும் ரம்பம்தான். ஆனால் முதல் பாட்டில் ஆர்கன் ஒவ்வொரு தடவையும் மற்றவர்களைவிட ஒரு நூல் பிந்தி வருகிறதே, ஏன்? வாசிக்கிறவர் யாரையோ பார்த்துப் பார்த்து வாசிக்கிற மாதிரி இருக்கிறது.” எழுதி முடித்துவிட்டுத்தான் படித்தேன். வாசித்தவர் அல் கூப்பர், அப்போது வயது 21, அடிப்படையில் கிடார்காரர். 1965 ஜூனில் அந்தப் பதிவை வேடிக்கை பார்க்க வந்தவர், காலியாக இருந்த ஆர்கனில் போய் உட்கார்ந்துகொண்டார். எந்த இடத்தில் என்ன வரும் என்று தெரியாததால், மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு ஒரு நூல் தள்ளித்தான் கை வைத்தார்.